ரயிலில் இரண்டு நாய்கள்
வீட்டில் இரண்டு நாய் வளர்ப்பவர்களுக்கு, ஊருக்குப் புறப்படும்போதுதான் ரயில்வே விதியின் கடுமை புரியும். முதல் வகுப்பு ஏசியில் 2 படுக்கை கூபேயையோ 4 படுக்கை கேபினையோ முழுதாகப் பெற்றவர்களே நாயை உடன் வைத்துக்கொள்ளலாம். பல ரயில்களில் அந்த வகுப்பே கிடையாது. மற்ற நாய்களுக்குக் கார்டு பெட்டிக் கூண்டுதான். நாய்க்கு நம்மைப்போல உடலெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்தே சூட்டைத் தணிக்கும். சித்திரை வெயிலில் கூண்டுக்குள் அது எவ்வளவுதான் இரைக்கும்?

சக பயணிகளுக்கு அச்சமும் ஒவ்வாமையும் உண்டே என்பார்கள். நியாயமான கவலை; நாயைக் கண்டு நடுங்கும் குழந்தையும் நிம்மதியாகப் பயணிக்க வேண்டும். அதற்கு விடை கூண்டல்ல, தனி இடம். சாதாரண ஏசி பெட்டியொன்றில் சிறு பகுதியைத் தடுத்து, தடுப்பூசிச் சான்றைக் கட்டாயமாக்கி, நாயோடு வருபவர்களுக்கென ஒதுக்கலாம். ஒன்றாக வளர்ந்த இரண்டு நாய்களும் வளர்த்தவர் காலடியிலேயே படுத்து வரும்.