திரை எவ்வளவு கூர்மையாக இருந்தால் போதும்?

"சார், வகுப்புக்கு 4கே திரை வாங்கினா எழுத்து நல்லாத் தெரியுமா?" என்று பெற்றோர் கேட்பதுண்டு. திரையை மட்டும் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. கண்ணையும் தூரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கண்ணின் எல்லை

ஒரு பாகையை 60 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு கலை. இரண்டு கோடுகளுக்கு இடையே ஏறக்குறைய ஒரு கலை இடைவெளி இருந்தால்தான் இயல்பான கண் அவற்றைப் பிரித்தறியும். நெதர்லாந்துக் கண் மருத்துவர் ஸ்னெலன் 1862-இல் வெளியிட்ட எழுத்து அட்டைக்கு இதுவே அடிப்படை. கண்ணாடிக் கடையில் சொல்லும் 6/6 என்பது, 6 மீட்டர் தூரத்தில் சுமார் 9 மி.மீ. உயர எழுத்தைப் படிப்பது. இளம் கண்கள் சில இதைவிடக் கூர்மையாகவும் இருக்கும்.

கைப்பேசியில்

நம் நாட்டு முத்து நெடுமாறனின் செல்லினம் போன்ற செயலிகளால் கைப்பேசியிலேயே தமிழ் எழுதுகிறோம். பழைய கைப்பேசிகளில் பிக்சல்கள் பெரியவை. அதனால் எழுத்தின் சுழிகள் படிக்கட்டு மாதிரி தெரிந்தன.

கிள்ளானிலிருந்து கேடிஎம் ரயிலில் வரும் மாணவர் கைப்பேசியை 30 செ.மீ. தூரத்தில் பிடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே ஒரு கலை என்பது 0.09 மி.மீ. அதாவது, அங்குலத்துக்குச் சுமார் 290 பிக்சல். 2010-இல் வந்த ஐபோன் 4-இல் 326 இருந்தது. 'ரெட்டினா' என்று ஆப்பிள் பெயரிட்டது இந்தக் கணக்கில்தான். அதற்குமேல் கூடக் கூட, கண்ணுக்குக் கிடைக்கும் பயன் குறைந்துகொண்டே போகும்.

வகுப்பறையில்

கடைசி வரிசை திரையிலிருந்து 8 மீட்டர் தள்ளி இருந்தால், ஒரு கலை 2.3 மி.மீ. ஆகிறது. 2 மீட்டர் அகலத் திரையில் 1024 பிக்சல் காட்டும் பழைய புரொஜெக்டரிலும் ஒரு பிக்சல் 2 மி.மீ.தான். அங்கிருந்து பார்க்கும் கண்ணுக்கு அதுவே தனித்துத் தெரியாது. 4கே வாங்கினாலும் கடைசி வரிசைக்குப் பெரிய மாற்றம் இல்லை. அங்கே பிரச்சினை எழுத்தின் அளவு.

தமிழுக்கு இது முக்கியம். 'பல்', 'பல' இரண்டையும் பிரிப்பது ஒரு புள்ளி. 'மனம்', 'மணம்' இரண்டையும் பிரிப்பது ஒரு சுழி. அந்தத் தூரத்தில் 6/6 எழுத்து 12 மி.மீ. உயரம், அது கண்ணின் கடைசி எல்லை. சிரமமில்லாமல் படிக்க அதைப்போல மூன்று மடங்கு, சுமார் 35 மி.மீ. வையுங்கள். படவில்லையில் எழுத்துரு அளவு 32-க்குக் குறையாமல், எட்டு வரிக்கு மேல் போகாமல் இருந்தால் சரியாக வரும்.

கடைசி வரிசைச் சோதனை

அந்த நான்கு சொற்களையும் திரையில் போட்டு, நீங்களே கடைசி வரிசையில் போய் நின்று பாருங்க. பிறகு மாணவர்களை எழுதச் சொல்லுங்கள். மற்றவர்கள் சரியாக எழுத, ஒருவர் மட்டும் தொடர்ந்து புள்ளியை விட்டால், சிவப்பு மையில் வட்டமிடுவதற்கு முன் அவரை முன் வரிசைக்கு அழையுங்கள். அங்கே சரியாக எழுதினால் அவருக்குத் தேவை இலக்கணப் பயிற்சி அல்ல, கண் பரிசோதனை. பெற்றோரிடம் அன்றே சொல்லிவிடுங்கள்.

மாணவர்களுக்கு: 10 மீட்டர் தூரத்தில் ஒரு கலை எத்தனை மி.மீ.? கணக்கிட்டு, காரணத்தை இரண்டு வாக்கியங்களில் விளக்குக.