கூர் ஏறாத மடக்குக் கத்தி

எத்துணை நேரம் தீட்டினும் மடக்குக் கத்தி கூர் பெறாவிடின், உருக்குத் தரமற்றதெனப் பலர் கருதுவர். பெரும்பாலும் குறை உருக்கில் இல்லை. தீட்டும் சாய்விலேயே உள்ளது. அலகின் இருபக்கச் சரிவுகளும் ஒரே கோட்டிற் சந்திக்கும்போதே கூர் பிறக்கின்றது. கல் சரிவின் மேற்பகுதியை மட்டும் தேய்த்தால், விளிம்பு மழுங்கியவாறே இருக்கும்.

இதனை அறிய எளிய வழியுண்டு. விளிம்போரம் மை பூசிக் கல்லில் இருமுறை இழுத்துப் பார்த்தல் வேண்டும். விளிம்பில் மை எஞ்சினால், கத்தியின் முதுகைச் சிறிது உயர்த்துக. பக்கத்துக்கு ஏறத்தாழ 20 பாகைச் சாய்வு போதும். மடக்கும் ஆணி தளர்ந்து அலகு ஆடினால் சாய்வு நிலைக்காது. ஆதலின் முதலில் அதனை இறுக்குதல் நன்று.

ஒருபக்கம் முற்றாகத் தீட்டப்பட்டதும், மறுபக்க விளிம்பில் மெல்லிய பிசிர் எழும். முதுகிலிருந்து விளிம்பைத் தாண்டி வெளிப்புறமாக விரலால் வருடினால் அது தட்டுப்படும். அலகின் அடிமுதல் நுனிவரை பிசிர் எழுந்த பின்னரே கத்தியைத் திருப்புதல் வேண்டும். ஈற்றில் மென்கல்லிலும் தோற்பட்டையிலும் இழுத்துப் பிசிரை நீக்காவிடின், சிறிது வெட்டியதும் கூர் மடிந்துவிடும்.

சுழலும் சாணையில் விளிம்பு சூடேறி நீலம் பாரித்திருந்தால், உருக்கின் பதம் கெட்டுவிட்டது. அப்பகுதி தேய்ந்தகலும்வரை கூர் நில்லாது.

மழுங்கிய கத்தியை மிகுந்த விசையுடன் அழுத்த நேரும். அது வழுக்கிக் கையை வெட்டுவதும், பூட்டில்லாத அலகு விரல்மேல் மடிவதும் அவ்வேளையிலேயே. கூரிய கத்தியே கைக்குப் பாதுகாப்பு.