தென்துருவம் வரை போகும் நம் கடல் ஈரம்

“அண்டார்டிகாவில் திடீரென்று சூடு ஏறியதாகச் சொல்கிறார்கள். பனி மூடிய ஊருக்கு வெப்பம் எப்படிப் போகிறது? அதனால் நமக்கு என்ன?” என்று தருவைகுளம் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். இரண்டு வரியில் பதில் சொல்ல முடியாத நல்ல கேள்வி.

விடையை நம் ஊர் உப்பளத்திலிருந்தே தொடங்கலாம். பாத்தியில் கட்டிய கடல்நீர் வெயிலில் ஆவியாகிறது. உப்பு கீழே தங்க, நீர் மேலே போகிறது. போகும்போது வெயிலின் வெப்பத்தையும் தனக்குள் மறைத்து எடுத்துச் செல்கிறது. அந்த ஆவி எங்கே குளிர்ந்து மேகமாகிறதோ, அங்கே அந்த வெப்பம் வெளிப்படும். காற்று ஒரு டிகிரி சூடானால், ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும்.

வெப்பமண்டலக் கடல்களில் எழும் ஈரத்தில் ஒரு பங்கு துருவங்களை நோக்கி நகர்கிறது. அது எல்லாப் பக்கமும் சமமாகப் பரவிப் போவதில்லை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளமும் சில நூறு கிலோமீட்டர் அகலமும் கொண்ட குறுகிய பட்டைகளாகப் பாய்கிறது. இவற்றை ‘வளிமண்டல ஆறுகள்’ என்கிறார்கள். நடு அட்சரேகைகளைக் கடந்து துருவம் நோக்கிச் செல்லும் ஈரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு இந்த ஆறுகள் வழியாகத்தான் போகிறது.

2022 மார்ச்சில் அப்படி ஓர் ஆறு கிழக்கு அண்டார்டிகாவுக்குள் புகுந்தது. கான்கார்டியா ஆய்வு நிலையத்தில் வெப்பநிலை வழக்கத்தைவிட ஏறத்தாழ 40 டிகிரி உயர்ந்து, மைனஸ் 12 டிகிரியைத் தொட்டது. ஈரம் வெளியிட்ட வெப்பமும், மேகம் போர்வைபோல் மூடியதும் இதற்குக் காரணங்கள். உள்பகுதியில் பெரும்பனி கொட்டியது. கடலோரத்தில், ஏற்கெனவே மெலிந்து வந்த காங்கர் பனித்தட்டு அதே மாதம் நொறுங்கியது. மிதக்கும் பனித்தட்டு, நிலத்துப் பனிக்குக் கரை கட்டியதுபோல. கரை போனால் உள்ளே இருக்கும் பனி வேகமாகக் கடலுக்குள் இறங்கும், கடல்மட்டம் உயரும். கடலோரக் கிணறுகளில் உப்பு ஏறும் கவலை நமக்குப் புதிதல்ல.

ஈரம் ஓரிடத்தில் குவிந்தால் என்ன ஆகும் என்பதை நாமே பார்த்திருக்கிறோம். 2023 டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை பெய்தது. ஓர் ஏக்கருக்குக் கணக்கிட்டால் சுமார் 38 லட்சம் லிட்டர்! நல்ல மழைக்காலத்தில்கூட நம் தலைக்கு மேலுள்ள காற்று முழுவதையும் பிழிந்தால் 6 செ.மீ. அளவுக்குத்தான் தண்ணீர் வரும். மீதியெல்லாம் கடலிலிருந்து காற்று இடைவிடாமல் கொண்டுவந்து சேர்த்தது. குமரிக்கடல் பகுதியில் நிலைகொண்டிருந்த காற்றுச் சுழற்சி அதை இங்கேயே இறக்கிவிட்டது. அது துருவம் நோக்கிய ஆறு அல்ல. ஆனால் இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான். கடல் சூடாகச் சூடாக, காற்று சுமந்து வரும் ஈரமும் கூடும்.

காற்றைத் திருப்ப நம்மால் ஆகாது. வயலைத் தயார்படுத்தலாம்.

* கரிசலில் உளுந்து, பாசி விதைப்போர் அகலப்பாத்தியும் சாலுமாக அமைத்தால் மிகை நீர் வடியும். வடிகாலை ஐப்பசிக்கு முன்பே தூர்வாருங்கள்.
* வடியும் நீர் பண்ணைக்குட்டையில் சேரட்டும். பின்பனிக் காலத்தில் ஒரு தண்ணீர் பாய்ச்ச உதவும்.
* தண்ணீர் வடிந்தபின், பூக்கும் பருவத்து உளுந்துக்கு ஏக்கருக்கு 4 கிலோ டிஏபியை முதல் நாள் இரவு ஊறவைத்து, தெளிந்த நீரை 200 லிட்டராக்கி மாலையில் தெளியுங்கள்.
* செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் வெளியாகும் வேளாண் வானிலை அறிக்கையை ‘மேக்தூத்’ செயலியில் பாருங்கள். கனமழை அறிவிப்பு இருந்தால் உரமும் மருந்தும் இடாதீர்கள்.
* கடைசித் தேதி வரை காத்திராமல் பயிர்க் காப்பீடு செய்து, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

தருவைகுளத்துப் பாத்தியில் ஆவியாகும் நீர் எந்த ஊரில் மழையாகும் என்று யாரும் சொல்ல முடியாது. எங்கிருந்தோ வரும் மழை நம் வயலில் எந்த வழியாக வடியும் என்பதையாவது நாம் முன்கூட்டியே முடிவு செய்துகொள்வோம்.