மொங் மக்களின் பூத்துணி

வட வியட்நாம், லாவோஸ், தாய்லாந்து ஆகிய நாடுகளின் மலைக்குடிகளுள் மொங் இனத்தார் ஆடைக்கலையிற் சிறந்தவர். கஞ்சாவினச் செடியின் நாரை உரித்துத் திரித்து நெய்தல் அவர்தம் மகளிர்க்குரிய தொழிலாகும். மூங்கிற் பிடியிற் பொருத்திய செப்புத் தகட்டை உருகிய தேன்மெழுகிற் தோய்த்து, நீல மொங் கிளையினர் அத்துணியிற் கோலம் வரைவர். பின்னர் அவுரிச் சாயத்திற் பன்முறை தோய்த்து, கொதிநீரில் இட்டு மெழுகை நீக்குவர். மெழுகு படிந்த இடம் வெண்மையாகவும் ஏனைய இடம் நீலமாகவும் விளங்கும். தையல் வேலைப்பாடும் இதனோடு சேரும். இவ்வாறு அணிசெய்த துணியைப் ‘பூத்துணி’ எனும் பொருள்படும் பெயரால் அழைப்பர். இறந்தோர்க்கு நார்த்துணி உடுத்தலும் மரபாம். அதுகொண்டே முன்னோர் தம் வழித்தோன்றலை இனங்காண்பர் என நம்புவர்.

1975 இல் லாவோசில் ஆட்சி மாறியதும், பல்லாயிரவர் மீகொங் ஆற்றைக் கடந்து தாய்லாந்தின் அகதி முகாம்களை அடைந்தனர். ஆங்குப் பூத்துணி விலைப்பொருளாயிற்று. கோலங்களோடு வயலும் வீடும் போரும் ஆறு கடந்த துயரும் உருவங்களாகத் தைக்கப்பட்டன. இவை ‘கதைத்துணி’ எனப் பெயர்பெற்றன.

விற்பனையின் பொருட்டு மரபு திரிந்தது எனக் குறைகூறல் எளிது. ஆயின், 1950களின் தொடக்கம் வரை பெருவழக்கான எழுத்தில்லாதிருந்த ஓரினம், தான் பட்ட துன்பத்தைத் தன் ஊசியாலேயே பொறித்து வைத்தது. அத்துணிகள் இன்று நூதனசாலைகளில் வரலாற்றுச் சான்றுகளாகப் பேணப்படுகின்றன.