கணினி கத்தினால் பயப்பட வேண்டாம்: போலி அன்டி வைரஸ் எனும் பொறி

கடந்த தவணை விடுமுறையில் ஒரு நாளிரவு, எனது மாணவி ஒருவரின் உம்மா தொலைபேசியில் அழைத்தார். "சேர், ரெண்டு நாளா பிள்ள சரியா சாப்பிடுதுமில்ல, ஒன்டும் சொல்லுதுமில்ல. இப்பதான் அழுதழுது சொல்றா, நானாட லெப்டொப்ப பழுதாக்கிட்டாவாம்."

மறுநாள் லெப்டொப்பை வாங்கிப் பார்த்தேன். நடந்தது இதுதான். உயர்தரக் கடந்தகால வினாத்தாள் ஒன்றைத் தேடிப் போனவர், ஏதோ ஒரு தளத்தில் 'டவுன்லோட்' என்பதை அழுத்தியிருக்கிறார். உடனே திரை முழுவதும் சிவப்பாகி, சைரன் சத்தத்தோடு ஓர் எச்சரிக்கை வந்திருக்கிறது: உங்கள் கணினியில் ஐந்து வைரஸ்கள் உள்ளன, உடனே சுத்தம் செய்யாவிட்டால் கோப்புகள் எல்லாம் அழிந்துவிடும். அதன் கீழே டொலரில் விலை போட்டு ஓர் அன்டி வைரஸ். கட்டாரில் உழைக்கும் நானா வாங்கிக் கொடுத்த லெப்டொப் அது. நானாவின் வங்கி அட்டை இலக்கத்தை அடிக்கும் வரை அந்தப் பிள்ளை போயிருக்கிறார். ஓடீபி நானாவின் தொலைபேசிக்குப் போய்விடுமே என்ற பயத்தில்தான் நிறுத்தியிருக்கிறார்.

அந்தக் கணினியில் ஒரு வைரஸும் இருக்கவில்லை.

ஓர் இணையத்தளத்தால் உங்கள் கணினியின் வன்தட்டைத் திறந்து சோதிக்க முடியாது. பிரவுசர்கள் அதற்கு இடம் கொடுக்காதபடியே அமைக்கப்பட்டுள்ளன. 'ஸ்கேன்' நடப்பதாகக் காட்டும் கோடும், ஏறிக்கொண்டே போகும் வைரஸ் எண்ணிக்கையும் முன்கூட்டியே செய்து வைத்த அசைபடம். ஒரு காலத்தில் அப்பிள் கணினி வைத்திருந்தவர்களுக்கும் விண்டோஸின் 'சீ டிரைவ்' படத்தைக் காட்டி வைரஸ் இருப்பதாகச் சொன்ன தளங்கள் இருந்தன.

இது சில்லறை வியாபாரமல்ல. 2011 ஜூனில் அமெரிக்காவின் எப்.பி.ஐ.யும் பல நாட்டுப் பொலிஸாரும் சேர்ந்து முடக்கிய ஒரு கும்பல், சுமார் 9 இலட்சத்து 60 ஆயிரம் பேரை இப்படி ஏமாற்றியிருந்தது. போலி மென்பொருளை 129 டொலர் வரை விற்று, 7 கோடி 20 இலட்சம் டொலருக்கும் அதிகமான இழப்பை ஏற்படுத்தியிருந்தது. பெயர் பெற்ற நிறுவனங்களும் இதில் சிக்கியதுண்டு. அமெரிக்காவின் ஒபிஸ் டிப்போ கடைகளில் கணினியை 'இலவசமாகச் சோதிக்கும்' மென்பொருள் ஒன்று இருந்தது. கணினி மெதுவாக இயங்குகிறதா என்பது போன்ற சில கேள்விகளில் ஒன்றுக்கு 'ஆம்' என்று குறித்தாலே போதும், தீங்கான மென்பொருளின் அறிகுறி இருப்பதாக அது காட்டிவிடும். இதற்காக 2019இல் அந்நிறுவனமும் மென்பொருளைக் கொடுத்த நிறுவனமும் சேர்ந்து 3 கோடி 50 இலட்சம் டொலர் செலுத்த வேண்டி வந்தது.

சிவப்புத் திரை வந்தால் அதற்குள் எதையும் அழுத்தாதீர்கள். 'கென்சல்', 'குளோஸ்' என்று அங்கே தெரிபவையும் பொறியாக இருக்கலாம். கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மெனேஜர் திறக்கும். அதில் பிரவுசரைத் தெரிவு செய்து 'எண்ட் டாஸ்க்' கொடுங்கள். மீண்டும் திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று விடுங்கள். திரையில் தொலைபேசி இலக்கம் இருந்தால் அழைக்க வேண்டாம். உண்மையான மைக்ரோசொப்ட் எச்சரிக்கைகளில் தொலைபேசி இலக்கம் இருப்பதில்லை.

எனது மாணவியின் கணினியில் இரண்டு நாட்களாகத் திரையின் மூலையில் எச்சரிக்கைகள் வந்துகொண்டேயிருந்ததற்குக் காரணம் வேறு. வினாத்தாள் தேடும் அவசரத்தில் 'அலவ்' என்ற பொத்தானை அழுத்தி, அறிவித்தல் அனுப்ப அந்தத் தளத்துக்கு அவரே அனுமதி கொடுத்திருந்தார். குரோம் செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்கியூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிபிகேஷன்ஸ் என்று போய், தெரியாத தளத்தின் பெயரை நீக்கினேன். இரண்டு நிமிட வேலை.

பணம் செலுத்தியிருந்தால் உடனே வங்கிக்கு அறிவித்து அட்டையை நிறுத்துங்கள். யாருக்காவது தூரத்திலிருந்து கணினியை இயக்க அனுமதி கொடுத்திருந்தால் இணைய இணைப்பைத் துண்டியுங்கள். அவர்கள் நிறுவச் சொன்னதை அகற்றி, முழுமையான ஸ்கேன் ஒன்றைச் செய்யுங்கள். கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். ஸ்ரீலங்கா சேர்ட் நிறுவனத்துக்கும் முறைப்பாடு செய்யலாம்.

உண்மையான பாதுகாப்புக்குப் பெரும்பாலான வீடுகளில் தனியாகச் செலவழிக்கத் தேவையில்லை. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் டிபெண்டர் கூடவே வருகிறது. வேறு அன்டி வைரஸ் இல்லாதபோது அது தானாகவே இயங்கும். ஆனால் விண்டோஸ் 10க்கான வழமையான இலவசப் பாதுகாப்பு அப்டேட்கள் 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டதை மறக்க வேண்டாம்.

இங்கே நம் பக்கத் தவறொன்றையும் சொல்லியாக வேண்டும். காசு கொடுக்காமல் 'கிரெக்' செய்த மென்பொருளைப் போட, "முதலில் அன்டி வைரஸை ஓப் பண்ணுங்க" என்று சொல்லிக் கொடுப்பது நமது ஊர்களில் சாதாரணம். நானும் ஒரு காலத்தில் அப்படிச் செய்தவன்தான். உண்மையான காவலாளியைத் தூங்க வைத்துவிட்டுப் போலிக் காவலாளிக்குக் கதவைத் திறப்பது இப்படித்தான்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். அந்தப் பிள்ளை வைரஸுக்கு மட்டும் பயப்படவில்லை, வீட்டில் ஏசுவார்கள் என்றும் பயந்தார். அதனால்தான் இரண்டு நாட்கள் மறைத்தார், அதனால்தான் அட்டையைத் தேடிப் போனார். மோசடிக்காரனுக்கு வேண்டியதும் அந்தத் தனிமைதான். "என்ன நடந்தாலும் முதலில் எங்களிடம் சொல்லு, ஏச மாட்டோம்" என்று இன்றைக்கே பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.