கேமராப் பெட்டி: மலிவானதே போதுமா, விலை உயர்ந்தது வேண்டுமா?

கேமரா, டிரோன், மைக் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து வாங்கிவிட்டீர்கள். அவற்றை எடுத்துச்செல்லக் கெட்டியான பிளாஸ்டிக் பெட்டி ஒன்று வேண்டும். இணையக் கடையில் தேடினால் தலை சுற்றும். ஒரு பெட்டி சில பத்து வெள்ளி. பார்க்க அதே மாதிரி இருக்கும் இன்னொன்று சில நூறு வெள்ளி.

இரண்டும் கறுப்பு. இரண்டிலும் கிளிப் இருக்கிறது, உள்ளே ஃபோமும் இருக்கிறது. அப்புறம் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

சுருக்கமான பதில்: பெட்டியை விடுங்கள், அது போகப்போகும் இடத்தைப் பாருங்கள். விவரம் இதோ.

கூடுதல் பணம் எதற்குப் போகிறது?

பெரும்பாலும் வெளியில் தெரியாத பாகங்களுக்கு.

மூடியைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் இருக்கும். தண்ணீரையும் தூசியையும் தடுப்பது அதுதான். மூடி துளியும் கோணாமல் இருந்தால்தான் வளையம் எல்லாப் பக்கமும் ஒரே அளவு அழுந்தும். நல்ல பெட்டிகளில் இது ஒவ்வொரு முறையும் சரியாக நடக்கும். மலிவான பெட்டிகளில் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. ஒன்று சரியாக இருக்கும், அடுத்தது இருக்காது.

கிளிப்பும் கீலும் அப்படித்தான். புதிதாக இருக்கும்போது எல்லாமே உறுதியாகத் தெரியும். நூறு தடவை திறந்து மூடிய பிறகுதான் வேறுபாடு புரியும். உடைந்த கிளிப்பை மட்டும் தனியாக வாங்க முடியுமா? வாங்குவதற்கு முன் விற்பனையாளரிடம் இதைக் கேட்டுவிடுங்கள்.

உத்தரவாதத்தையும் கவனமாகப் படியுங்கள். பெலிக்கன் நிறுவனம் தன் பெட்டிகளுக்கு ஆயுள் உத்தரவாதம் தருவதற்குப் பெயர்பெற்றது. சுறாக் கடி, கரடித் தாக்குதல், ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் ஆகியவற்றால் வரும் சேதம் அதில் சேராது என்று வேடிக்கையாகவும் சொல்வதுண்டு. ஆனால் ஒன்று: உத்தரவாதம் பெட்டிக்குத்தான். உள்ளே இருக்கும் கேமராவுக்கு இல்லை. அதற்குக் காப்புறுதிதான் வழி.

அந்தச் சின்ன வால்வ் எதற்கு?

கைப்பிடிக்குப் பக்கத்தில் சிறிய திருகு மாதிரி ஒன்று இருக்கும். காற்றை விடும், தண்ணீரை விடாது.

விமானம் உயரே போகும்போது உள்ளே காற்றழுத்தம் தரையில் இருப்பதில் முக்கால்வாசி வரை குறையலாம். பெட்டிக்குள் இருக்கும் காற்று மெல்லக் கசிந்து வெளியேறும். தரை இறங்கியதும் வெளிக்காற்று மூடியை அழுத்தும். 50 சென்டிமீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் அகலம் உள்ள மூடி என்றால், அதன்மேல் கிட்டத்தட்ட 380 கிலோ எடை உட்கார்ந்த மாதிரி! யாராலும் திறக்க முடியாது.

வால்வ் அந்த அழுத்தத்தைச் சமன்செய்கிறது. அடிக்கடி விமானத்தில் போகிறவர் வால்வ் இல்லாத பெட்டியை வாங்கவே வேண்டாம்.

'ஐபி67' என்றால்?

'வாட்டர்ப்ரூஃப்' என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம். எண்ணைத் தேடுங்கள். 6 என்றால் தூசி உள்ளே போகாது. 7 என்றால் 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும். 'ஐபிஎக்ஸ்7' என்று இருந்தால், தூசிக்கு மதிப்பீடு தரப்படவில்லை என்று பொருள்.

மலிவான பெட்டி எப்போது போதும்?

சொந்தக் காரிலோ எம்ஆர்டியிலோ எடுத்துச்செல்கிறீர்கள், பெட்டி எப்போதும் உங்கள் கையிலேயே இருக்கிறது என்றால் தாராளமாகப் போதும். மைக், விளக்கு, கேபிள், கருவிகள் போன்றவற்றுக்கும் அது சரி.

படகில் போகிறீர்களா? விமானத்தின் சரக்குப் பகுதியில் போடுகிறீர்களா? அந்தக் கேமராவை நம்பித்தான் உங்கள் வருமானமா? அப்படியென்றால் நல்ல பெட்டிக்குச் செலவு செய்வதில் அர்த்தம் இருக்கிறது. பெட்டி வழியில் கைவிட்டால் அன்றைய வேலையும் போய்விடும்.

எடையை மறக்காதீங்க

விலை அதிகம் என்றால் எல்லாவற்றிலும் சிறந்தது என்று அர்த்தமில்லை. பெலிக்கன் 1510 விமானக் கைப்பை அளவில் செய்யப்பட்டது. ஆனால் காலியாகவே 5 கிலோவுக்கு மேல்! கைப்பைக்கு 7 கிலோதான் அனுமதி என்றால் உள்ளே என்ன வைப்பது? எடை குறைந்த ரகங்களும் விற்பனைக்கு இருக்கின்றன. எடையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இன்னொன்று: பெட்டியைச் சரக்கில் போட்டாலும் உதிரி லித்தியம் மின்கலன்கள் உங்களுடன் விமானத்துக்குள்தான் வரவேண்டும்.

நம்ம ஊர் ஈரப்பதம்

சிங்கப்பூரில் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். மழையில் படம் எடுத்துவிட்டு ஈரக் கேமராவை உள்ளே வைத்து மூடினால், ஈரமும் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். பெட்டி எவ்வளவு நன்றாக மூடுகிறதோ அவ்வளவு மோசம்! லென்ஸில் பூஞ்சை பிடிக்க இது போதும். ஃபோமும் நாளடைவில் பிசுபிசுத்து உதிரும்.

பெட்டி பயணத்துக்கு மட்டும். வீட்டுக்கு வந்ததும் பொருள்களை வெளியே எடுத்துத் துடைத்துக் காயவிடுங்கள். பிறகு ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் அலமாரியில் வையுங்கள். அலமாரி இல்லையா? காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைக்கலாம். ஜெல்லை அவ்வப்போது மாற்றுங்கள்.

வாங்கியதும் இரண்டு சோதனை

திருப்பிக்கொடுக்கும் கெடு முடிவதற்குள் செய்துவிடுங்கள்.

1. மூடிக்கு இடையில் ஒரு தாளை வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். நான்கு பக்கமும் இப்படிச் செய்யுங்கள். எங்கேயாவது தாள் சுலபமாக உருவிக்கொண்டு வந்தால் அங்கே இடைவெளி இருக்கிறது.

2. ஃபோமை எடுத்துவிட்டு உள்ளே டிஷ்யூ தாளைப் பரப்புங்கள். மூடிவிட்டு ஷவருக்கு அடியில் ஐந்து நிமிடம் திருப்பித் திருப்பி வையுங்கள். வெளிப்பக்கத்தை நன்றாகத் துடைத்த பிறகு திறங்கள்.

டிஷ்யூ காய்ந்தே இருந்தால் சாதாரண மழைக்குப் பயமில்லை. ஓர் ஓரம் நனைந்திருந்தாலும் போதும், விலை எவ்வளவாக இருந்தாலும் சரி, உடனே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.