ஒரே தொகை, வேறு வேறு பலன்

ஏழைக் குடும்பத்தின் கையில் எந்த நிபந்தனையும் இல்லாமல் பணத்தைக் கொடுக்கலாம் என்று எங்கே பேச்செடுத்தாலும் உடனே இரண்டு கேள்விகள் எழும். குடித்தே தீர்த்துவிட மாட்டார்களா? சும்மா காசு வந்தால் அப்புறம் யார் வேலைக்குப் போவார்கள்? நியாயமான சந்தேகங்கள்தான். ஆனால் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் லத்தீன் அமெரிக்காவிலும் நடந்த ஆய்வுகள் இரண்டுக்கும் பெரும்பாலும் விடை சொல்லிவிட்டன. அவற்றையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருப்பதால், அதைவிடப் பயனுள்ள ஒரு கேள்வி கேட்கப்படாமலே போகிறது. ஒரே தொகையை மொத்தமாகக் கொடுப்பதற்கும், மாதாமாதம் பிரித்துக் கொடுப்பதற்கும், இத்தனை ஆண்டுகளுக்கு நிச்சயம் வரும் என்று முன்கூட்டியே உறுதி சொல்லிக் கொடுப்பதற்கும் ஒரு கிராமத்துக் குடும்பத்தின் அன்றாடத்தில் என்ன வித்தியாசம்? கென்யாவின் மேற்கே, விக்டோரியா ஏரியை ஒட்டிய கிராமங்களில் கிடைத்த சான்றுகளைப் பார்த்தால், எவ்வளவு வருகிறது என்பதைப் போலவே எப்படி வருகிறது என்பதும் முக்கியம் என்று தெரிகிறது.

அங்கே சியாயா மாவட்டத்தின் ராரியேடா பகுதியில் 2011-இல் 'கிவ் டைரக்ட்லி' என்ற தொண்டு நிறுவனம் பணம் கொடுக்கத் தொடங்கியது. வருமானச் சான்றிதழ் கேட்கவில்லை. புல் வேய்ந்த கூரையா என்று மட்டும் பார்த்தார்கள். அதுவே வறுமையின் அடையாளம். பணம் கைப்பேசி வழியாகப் போனது. 2007 முதலே கென்யாவில் புழங்கிவந்த எம்-பெசா சேவை இருந்ததால், இடைத்தரகர் யாரும் தேவைப்படவில்லை. யோஹானஸ் ஹவுஸ்ஹோஃபர், ஜெரமி ஷபிரோ என்ற இரு பொருளாதார அறிஞர்கள் இதை ஓர் ஆய்வாக வடிவமைத்தார்கள். யாருக்குப் பணம், கணவனுக்கா மனைவிக்கா, மொத்தமாகவா தவணையாகவா என்பதெல்லாம் குலுக்கலில் முடிவாயின. சிறிய தொகை 25,200 ஷில்லிங். சிலருக்கு அது ஒரே தடவையில் வந்தது. சிலருக்கு மாதம் 2,800 வீதம் ஒன்பது மாதங்களில் வந்தது. இன்னும் சிலருக்கு மொத்தம் 95,200 ஷில்லிங் கிடைத்தது. இதைச் செலவழியுங்கள், இதைச் செலவழிக்காதீர்கள் என்று யாரும் சொல்லவில்லை.

பணம் வந்த வீடுகளில் சாப்பாடு கூடியது, பட்டினி கிடக்கும் நாட்கள் குறைந்தன. ஆடு மாடு வாங்கினார்கள், புல் கூரையை எடுத்துவிட்டுத் தகரம் போட்டார்கள். மனநிலையை அளந்த கேள்விகளிலும் நல்ல மாற்றம் தெரிந்தது. பெண்கள் மீதான அடி உதை குறைந்தது. பணம் கணவன் கைக்கு வந்தாலும் மனைவி கைக்கு வந்தாலும் குறைந்தது. இதில் கவனிக்க வேண்டியது பிரிவுகளுக்கு இடையிலான வேறுபாட்டை. மாதத் தவணை பெற்றவர்களிடம் உணவுப் பாதுகாப்பு மேம்பட்டது. மொத்தமாகப் பெற்றவர்கள் கூரை போன்ற நீடித்து நிற்கும் பொருள்களில் போட்டார்கள். மாதம் 2,800 ஷில்லிங் உலை வைக்கப் போதும், கூரை போடப் போதாது. மாதாமாதம் சேர்த்துவைத்துக் கூரை போடலாமே என்று வெளியிலிருந்து சொல்வது எளிது. பிள்ளைக்குக் காய்ச்சல், உறவில் ஒரு சாவு, கடன் கேட்டு வரும் அண்ணன் என்று நாள்தோறும் இழுக்கப்படும் வீட்டில், சிறுசிறு தொகை பெரும் தொகையாகத் திரளும் வரை தங்குவதில்லை. புல் கூரையோ அடிக்கடி மாற்ற வேண்டியது. தகரத்தின் விலையை ஒரே நேரத்தில் புரட்ட முடியாததால், ஏழைக் குடும்பம் புல்லுக்கே மறுபடி மறுபடி செலவழிக்கிறது. அந்தக் கண்ணியை அறுப்பது மொத்தத் தொகைதான்.

இனி பழைய கேள்விகளுக்கு வருவோம். மது, புகையிலைச் செலவு பற்றிப் பல நாடுகளில் நடந்த 19 ஆய்வுகளை உலக வங்கியைச் சேர்ந்த டேவிட் எவான்ஸ், அன்னா போபோவா இருவரும் திரட்டிப் பார்த்தார்கள். பணம் கிடைத்ததால் அந்தச் செலவு கூடியதாகத் தெரியவில்லை. பல இடங்களில் சற்றே குறைந்திருந்தது. உழைப்பைப் பொறுத்தவரை, அபிஜித் பானர்ஜியும் சக ஆய்வாளர்களும் ஆறு வளரும் நாடுகளின் உதவித்தொகைத் திட்டங்களை ஆராய்ந்து, மக்கள் வேலையை விட்டுவிடுகிறார்கள் என்பதற்கு ஒழுங்கான சான்று எதுவும் இல்லை என்று கண்டார்கள். அந்தத் திட்டங்கள் பலவற்றில் நிபந்தனைகள் உண்டு என்றாலும், பின்னர் பார்க்கப்போகும், நிபந்தனையே இல்லாத கென்ய நெடுங்காலத் திட்டத்திலும் இதே முடிவுதான். வேலையின் அளவு குறையவில்லை, வேலையின் வகை மாறியது: பிறர் நிலத்தில் கூலிக்குப் போவதைக் குறைத்துக்கொண்டு சொந்தத் தொழிலுக்கு நேரம் கொடுத்தார்கள். ஓரிடத்தில் மட்டும் உழைப்பு உண்மையாகவே குறைந்தது. சியாயாவில் கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலும் பிள்ளை பெற்ற பிறகும் பெண்கள் கடும் வேலையிலிருந்து ஒதுங்கினார்கள், மருத்துவமனையில் பிரசவம் பார்த்துக்கொண்டார்கள். 2025-இல் வெளியான ஆய்வின்படி, பணம் கிடைத்த குடும்பங்களில் ஒரு வயதுக்குள் இறக்கும் குழந்தைகளின் விகிதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. நிறைமாதத்தில் வயலுக்குப் போகாமல் வீட்டில் இருப்பதைச் சோம்பல் என்று யார் சொல்வார்?

பணம் வரும் விதத்தின் முக்கியத்துவத்தை இன்னும் தெளிவாகக் காட்டியது சியாயா, போமெட் மாவட்டங்களின் 295 கிராமங்களில் நடக்கும் நெடுங்கால ஆய்வு. ஒரு பிரிவுக் கிராமங்களில் வயது வந்த ஒவ்வொருவருக்கும் மாதம் சுமார் 22 டாலர், 12 ஆண்டுகளுக்கு. இன்னொரு பிரிவில் அதே மாதத் தொகை, இரண்டே ஆண்டுகளுக்கு. மூன்றாவது பிரிவில் ஏறக்குறைய 500 டாலர், மொத்தமாக. இரண்டாவது பிரிவும் மூன்றாவது பிரிவும் பெற்ற மொத்தப் பணம் கிட்டத்தட்ட ஒன்றே. ஆனால் புதிய சிறுதொழில்களும் வருமானமும் மொத்தமாகப் பெற்றவர்களிடம்தான் அதிகம் பெருகின. வியப்பு என்னவென்றால், 12 ஆண்டு உறுதி பெற்றவர்கள் அவர்களுக்கு ஈடாக நின்றார்கள். பலன்கள் அளக்கப்பட்டபோது இவர்கள் பெற்றிருந்த பணம் இரண்டாண்டுப் பிரிவினர் பெற்ற அளவுதான். அப்படியிருந்தும் இவர்கள் துணிந்து முதலீடு செய்ததற்கு வழி, நம் ஊர்ப் பெண்களுக்கு நன்றாகத் தெரிந்த சீட்டு. சில பேர் கூடி மாதாமாதம் பணம் போட்டு, முறைவைத்து ஒருவர் மொத்தமாக எடுக்கும் அதே ஏற்பாடு. அடுத்த ஆண்டும் பணம் வரும் என்று தெரிந்தவர்தான் சீட்டில் துணிந்து சேர முடியும். இரண்டாண்டில் நின்றுவிடும் என்று தெரிந்தவர், வந்ததை அன்றாடச் செலவுக்கே வைத்துக்கொள்கிறார். ஆகவே உறுதிமொழிக்கே ஒரு பண மதிப்பு உண்டு. அரசின் கருவூலத்தில் கூடுதலாக ஒரு பைசா செலவில்லாமல் கொடுக்கக்கூடியதும் அதுதான்.

எல்லாரிடமும் பணம் புரண்டால் விலைவாசி ஏறிவிடாதா, பணம் கிடைக்காத பக்கத்து வீட்டுக்காரர் நொந்துபோக மாட்டாரா என்பது அடுத்த எதிர்ப்பு. சியாயாவில் 653 கிராமங்களை உள்ளடக்கிய இன்னொரு ஆய்வு இதைச் சோதித்தது. 10,500 வீடுகளுக்குத் தலா 1,000 டாலர் அளவுக்குப் பணம் போனது. உச்சத்தில் அது அந்த வட்டாரப் பொருளாதாரத்தில் ஏறக்குறைய 15 விழுக்காடு. அப்படியும் விலை ஏற்றம் சராசரியாக 0.1 விழுக்காடுதான். காரணம் எளிது. கிராமத்து மாவு மில்லும் மளிகைக் கடையும் பாதி நேரம் வாடிக்கையாளர் இல்லாமல் கிடந்தவை. புதிய செலவு வந்ததும் ஓடாத நேரத்தில் ஓடின, விலையை ஏற்ற அவசியம் வரவில்லை. உள்ளே வந்த ஒவ்வொரு டாலரும் கைமாறிக் கைமாறி ஏறக்குறைய இரண்டரை டாலர் அளவுக்குப் பொருளாதார நடமாட்டத்தை உண்டாக்கியது. பணம் பெறாத வீடுகளின் வருமானமும் செலவும்கூட உயர்ந்தன. ஆனால் சந்தையிலிருந்து துண்டிக்கப்பட்டு, வெளியிலிருந்து சரக்கு வர வழியில்லாத ஊரில் இதே முடிவை எதிர்பார்க்க முடியாது.

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால்தான் பணம் என்று நிபந்தனை போட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. மலாவியின் சோம்பா மாவட்டத்தில் 2008, 2009 ஆண்டுகளில் வளரிளம் பெண்களிடையே இரண்டு வழிகளையும் ஒப்பிட்டார்கள். பள்ளி வருகையில் நிபந்தனைப் பணமே முந்தியது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இளவயதுத் திருமணத்தையும் கர்ப்பத்தையும் தடுத்தது நிபந்தனையற்ற பணம்தான். பள்ளியை விட்டு நின்ற பெண்ணுக்கு நிபந்தனைத் திட்டத்தில் பணமும் நின்றுவிடுகிறது. பணம் மிக அதிகமாகத் தேவைப்படும் நேரம் அதுதான். படிப்புதான் குறிக்கோள் என்றால் நிபந்தனை உதவும். விழப்போகிறவரைத் தாங்குவது குறிக்கோள் என்றால் அது கைவிட்டுவிடும்.

பலன் நிலைக்குமா என்பது எல்லாவற்றிலும் வலுவான எதிர்ப்பு. உகாண்டாவின் வடபகுதியில் தொழில் திட்டம் எழுதிக் கொடுத்த இளைஞர் குழுக்களுக்கு 2008-இல் அரசு ஆளுக்குச் சுமார் 400 டாலர் கொடுத்தது. அதன்பின் கண்காணிப்பு இல்லை. நான்கு ஆண்டு கழித்து அவர்கள் வருமானம் மற்றவர்களைவிட 38 விழுக்காடு அதிகம். ஒன்பதாம் ஆண்டில் மற்றவர்களும் எட்டிப் பிடித்துவிட்டார்கள். சியாயாவிலும் பணம் நின்ற பிறகு குழந்தை இறப்பில் கண்ட முன்னேற்றம் நீடிக்கவில்லை. ஒரு தடவை கொடுத்த பணம் வறுமையை நிரந்தரமாக ஒழிக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டியதில்லை. ஆனால் சில ஆண்டுகள் முன்பே தகரக் கூரையும் தொழிலும் பெறுவதும், ஒரு குழந்தை தன் முதல் ஆண்டைக் கடப்பதும் தற்காலிகப் பலன்கள் அல்ல. பணத்துக்கு எல்லையும் உண்டு. சியாயாவில் குழந்தை இறப்பு மிகவும் குறைந்தது மருத்துவர் இருக்கும் மருத்துவமனைக்கு அருகில் வாழ்ந்தவர்களிடம். மருத்துவர் இல்லாத ஊரில் பணம் மருத்துவரை வரவழைக்காது. ஆகவே ரேஷனையும் ஆரம்ப சுகாதார நிலையத்தையும் மூடிவிட்டு அதற்குப் பதிலாகப் பணம் என்ற வாதத்துக்கு இந்த ஆய்வுகளில் இடமில்லை. மத்தியப் பிரதேசத்தில் 2011, 2012-இல் சேவா என்ற பெண் தொழிலாளர் அமைப்பு யுனிசெஃப் உதவியுடன் நிபந்தனையற்ற பணத்தைச் சோதித்தபோதும், வயது வந்தவருக்கு மாதம் 200 ரூபாய், பின்னர் 300 ரூபாய் என்ற தொகை ஏற்கெனவே இருந்த சலுகைகளுக்கு மேலாகவே கொடுக்கப்பட்டது.

இந்தியாவில் பணமாகக் கொடுக்கும் திட்டங்கள் இன்று எல்லாக் கட்சிகளின் வாக்குறுதியிலும் இருக்கின்றன. 2018-இல் தெலங்கானா விவசாயிகளுக்காகத் தொடங்கிய ரைத்து பந்து திட்டம், ஏக்கருக்கு 4,000 ரூபாயை ஒவ்வொரு பருவத்திலும் விதைப்புச் செலவுக்கு உதவும்படி கொடுத்தது. காலத்தைத் தேர்ந்தெடுத்ததில் அது சரி. நில உடைமையை அளவுகோலாகத் தேர்ந்தெடுத்ததில் குத்தகை விவசாயியை விட்டுவிட்டது. தமிழ்நாட்டில் 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத்தொகை ஒரு கோடிக்கும் அதிகமான பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று அமைந்தது. இந்தத் திட்டங்களைப் பற்றிய விவாதம் இலவசமா உரிமையா என்பதிலேயே சுற்றுகிறது. கென்யக் கிராமங்கள் காட்டும் அளவுகோல் வேறு. மாதத் தொகை அடுப்பெரியவும் மருந்து வாங்கவும் உதவும். அதிலிருந்து மாடும் தையல் எந்திரமும் வர வேண்டுமென்றால், விரும்புவோர் ஓராண்டுத் தொகையை மொத்தமாக எடுத்துக்கொள்ள வழி வேண்டும், அல்லது தேர்தல் முடிவு எதுவானாலும் பணம் நிற்காது என்ற சட்ட உறுதி வேண்டும். அடுத்த ஆண்டு வருமா என்று தெரியாத பணத்தை எந்தக் குடும்பமும் எதிர்காலத்தில் போடாது. ஏழைகள் பணத்தை எப்படிச் செலவழிப்பார்கள் என்று சந்தேகப்பட்டது போதும். அதைக் கொடுப்பவர்கள் சொன்ன தேதியில், சொன்ன காலம் வரை கொடுப்பார்களா என்பதே இனி நாம் கேட்க வேண்டிய கேள்வி.